லோலாவிடம் பேசச் சொன்னால் ஓடிவிடுகிறாள்

கேள்வி:

"எனக்குத் தமிழ் தெரியாது. நான் பிலிப்பீன்ஸ்காரி, சிங்கப்பூரில் தாதியாக இருக்கிறேன். என்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் தமிழ்த் தோழி உங்கள் பகுதியை எனக்குப் படித்துச் சொல்வாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான்.

என் ஊர் இலோய்லோ நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகவேண்டிய கிராமம். எங்கள் மொழி ஹிலிகைனோன். பேச்சுவாக்கில் இலோங்கோ என்போம். கணவர் பத்தாங்காஸ்காரர், அவருக்குத் தகலோக். வீட்டில் நாங்கள் இருவரும் பேசுவது தகலோக்தான். இங்கே வந்து 11 வருடமாகிறது, நிரந்தரவாசிகள். மகள் தொடக்கநிலை மூன்று. மகன் அடுத்த வருடம் பள்ளிக்குப் போகிறான்.

மகளிடம் எந்த மொழியில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். ஊரிலிருந்து என் அம்மா வீடியோவில் கூப்பிட்டால், 'ஹாய் லோலா' (லோலா என்றால் பாட்டி) என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுகிறாள். போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது ஜெபமாலை சொல்ல எல்லாரும் உட்கார்ந்தோம். இவள் முறை வந்தபோது இலோங்கோவிலும் வரவில்லை, தகலோக்கிலும் வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

பள்ளி ஆசிரியை, 'வாய்விட்டு நன்றாகத்தான் படிக்கிறாள், படித்ததில் கேள்வி கேட்டால் திணறுகிறாள்' என்கிறார். துணைப்பாட நிலையத்தில், 'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், மற்றதெல்லாம் குழப்பம்' என்று சொல்லிவிட்டார்கள். உலக அளவிலான வாசிப்புத் தேர்வில் எங்கள் நாடு கடைசி என்று செய்தியில் பார்த்திருக்கிறேன். நானும் வாசிப்பில்லாத வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு நவநாள் ஜெபப் புத்தகமும், அம்மா சந்தைக்குப் போனால் வாங்கிவரும் 'ஹிலிகைனோன்' இதழும்தான். கரண்ட் போன இரவுகளில் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா அதில் வரும் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்காருவார்கள். அவ்வளவுதான். நான் எப்படி என் பிள்ளைக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுப்பேன்?

இன்னும் இரண்டு. மகனுக்குத் தாய்மொழிப் பாடமாகச் சீனம் எடுப்பதா, மலாய் எடுப்பதா? ஷிப்ட் வேலையால் பூசைக்குப் போவதும் விட்டுவிட்டுப் போகிறது. மகள் 'ஏன் போகணும்' என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைக்கிறது. எங்களிடமிருந்துதான் எதுவும் கிடைக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது."

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் வழக்கப்படி நீங்கள் என்னை 'ஆத்தே' என்று கூப்பிடலாம். அக்காவுக்கு உங்கள் ஊர்ச் சொல் அது. எங்கள் கிராமத்துப் பக்கம் ஆத்தா என்றால் அம்மா. என் நரைக்கு இரண்டில் எது சொன்னாலும் பொருந்தும்.

கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. வாசிப்பில்லாத வீட்டில் வளர்ந்தேன் என்கிறீர்கள். சொன்ன கையோடு விளக்கு, தொடர்கதை, சத்தமாகப் படிக்கும் அம்மா, கேட்க வரும் பெண்கள் என்று அடுக்குகிறீர்கள். பேச்சிலும் வாசிப்பிலும் சிக்கல் உள்ள பிள்ளைகளை இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். அலமாரி நிறையப் புத்தகம் இருந்தும் ஒருவருக்கு ஒருவர் ஒரு பக்கம்கூடப் படித்துக் காட்டாத வீடுகளிலிருந்து என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். ஒரு பெண் படிக்க, பத்துப் பேர் கேட்டு, 'அப்புறம் என்ன ஆச்சு' என்று அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்த வீடு உங்களுடையது. அது வாசிப்பில்லை என்றால் வேறு எதை வாசிப்பு என்பது?

விளக்கு என்றதும் உங்கள் ரிசால் ஞாபகம் வந்தார். தமிழ் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: ஹோசே ரிசால் பிலிப்பீன்ஸின் தேசிய நாயகர். 1861-இல் கலாம்பாவில் பிறந்தவர், 1896-இல் ஸ்பானிய அரசு மணிலாவில் சுட்டுக் கொன்றது. ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகும் வழியில் 1882-இல் சிங்கப்பூரிலும் இறங்கியிருக்கிறார். நம் ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. நான் சொல்ல வந்தது அவர் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது. பெரியவரான பிறகு அவரே எழுதிவைத்திருக்கிறார். ஓர் இரவு அம்மா தியோடோரா ஒரு ஸ்பானிய மொழிக் குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். பையன் தடுமாறுகிறான். பத்தாததற்குப் புத்தகத்தில் கிறுக்கியும் வைத்திருக்கிறான். அம்மா கடிந்துகொண்டு, புத்தகத்தை வாங்கித் தானே படித்துக் காட்டுகிறார். மொழி சரியாகப் புரியாததால் பையனின் கண் விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் மேல் போய்விடுகிறது. அம்மா கவனித்துவிடுகிறார். விளக்குப் பக்கம் போகாதே என்று தாய் சொல்லியும் கேட்காத அந்துப்பூச்சியின் கதையை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தகலோக்கில் மாற்றிச் சொல்லிக்கொண்டே படிக்கிறார். அதுவரை வெறும் சத்தமாக இருந்தது கதையாகிவிடுகிறது. பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறான்.

உங்கள் மகளுக்கு நான் எழுதித் தரும் மருந்து அதுதான். எப்படிக் கொடுப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் 'ஆங்கிலம் மட்டும்' என்ற அந்த யோசனையைக் குப்பையில் போட்டுவிடுவோம்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஓர் அம்மாவுக்கு அதே யோசனையைச் சொன்னேன். பேச்சு தாமதமான பையன், வீட்டில் இரண்டு மொழி. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வேலைக்குப் போதும், வாழ்க்கைக்குப் போதாது. மூன்று வருடம் கழித்து வேறு ஒரு காரணத்துக்காக இருவரும் வந்தார்கள். அறைக்கு வெளியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மகனிடம் பேசியது மூன்று வாக்கியம்: தண்ணி குடி, கால் ஆட்டாதே, போன் வேண்டாம். சொந்த மொழியில் ஊர்க்கதை பேசித் தீர்க்கக்கூடிய பெண் அவர். என் பேச்சைக் கேட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த யோசனையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குக் குழப்பம் வருவதில்லை. ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலந்தால் அது கோளாறும் இல்லை. உங்கள் ஊரில் ஆசிரியர்களும் அமைச்சர்களும் தகலோக்கையும் ஆங்கிலத்தையும் கலந்துதான் பேசுகிறார்கள். பிள்ளைக்குத் தேவை நிறையப் பேச்சு: ஏன், எப்படி, அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீளும் பேச்சு. அது உங்களுக்கு எந்த மொழியில் தடையில்லாமல் வருமோ அந்த மொழியில் நடக்கட்டும். 'பொறாமை' என்றால் என்ன என்று அவளுக்குத் தகலோக்கில் புரிந்துவிட்டால், அதன் ஆங்கிலச் சொல் ஒரு நாள் வேலை. பொறாமையே புரியாத பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்து கொடுத்து என்ன பயன்?

உலகத் தேர்வு பற்றிக் கேட்டீர்கள். 2018-இல் 15 வயது மாணவர்களுக்கு நடந்த பீசா தேர்வு அது. 79 நாடுகளில் பிலிப்பீன்ஸ் 340 புள்ளிகளோடு வாசிப்பில் கடைசி. உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வீட்டில் பேசாத மொழியில், ஆங்கிலத்தில், அதை எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் அரசே இதில் இங்கும் அங்குமாக இழுபடுகிறது. சின்ன வகுப்புகளில் வட்டார மொழியில் பாடம் நடத்த வேண்டும் என்று 2013-இல் சட்டம் போட்டார்கள். 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். நாட்டின் மதிப்பெண்ணை நீங்கள் தோளில் சுமக்க வேண்டாம்.

மகளின் வாசிப்புக்கு வருவோம். ஆசிரியை சொன்னதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. அதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். நூலகத்திலிருந்து அவள் வயதுக்கான, அவள் இதுவரை பார்க்காத ஒரு கதைப் புத்தகம் எடுங்கள். ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குறுக்கே திருத்தாதீர்கள், தப்பை மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். நூறு வார்த்தைக்குப் பத்துக்கு மேல் தடுக்கினால் எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் சிக்கல். தாமதிக்காமல் பள்ளியிடம் கேளுங்கள். தொடக்கநிலை மூன்று, நான்கு மாணவர்களுக்கென்றே, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கல் உள்ளவர்களுக்குப் பள்ளியிலேயே சிறப்புப் பயிற்சி உண்டு. தடுக்காமல் படித்துவிட்டால் புத்தகத்தை மூடி, என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த பக்கத்தை நீங்கள் படித்து, அவள் கேட்கட்டும். அதிலும் என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்புறம் உங்கள் கிராமத்தில் நடந்த ஏதாவது ஒரு சம்பவத்தைத் தகலோக்கில் சொல்லிவிட்டு, அவள் விரும்பிய மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

என் ஊகம் இது: கடைசியில் சொன்ன கதையைப் பெரிய ஓட்டை இல்லாமல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வாள். அப்படியானால் மூளையிலும் கோளாறில்லை, மொழியிலும் கோளாறில்லை. ஆங்கிலச் சொல்வளம் போதவில்லை, அவ்வளவுதான். அவள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், தங்கை. வாய்தான் திறக்கவில்லை. உங்கள் தகலோக் முழுக்க அவள் காதுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒருவேளை தகலோக் கதையும் பிடிபடவில்லை என்றால் என் ஊகம் தப்பு. அப்போது காதுப் பரிசோதனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், முறையான மொழி மதிப்பீடும் வேண்டும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊகம் சரி என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். தியோடோரா செய்ததைச் செய்யுங்கள். வாரத்துக்கு நான்கு நாள், இருபது நிமிடம். நைட் டியூட்டி நாட்களில் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கும் வாய் இருக்கிறது. ஆங்கிலக் கதைப் புத்தகத்தை ஒரு பத்தி அப்படியே படியுங்கள், நிறுத்துங்கள், தகலோக்கில் பேசுங்கள். 'இவன் ஏன் பொய் சொன்னான்? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?' அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும், பரவாயில்லை. 'தகலோக்கில் சொல்' என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் சொன்னதையே நீங்கள் தகலோக்கில் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போங்கள். இதே ரிசால் 1886-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்தபோது ஆண்டர்சனின் குழந்தைக் கதைகள் ஐந்தைத் தகலோக்கில் பெயர்த்து, ஊரிலிருந்த அக்கா தங்கைகளின் பிள்ளைகளுக்கு அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து பிலிப்பினோக்கள் ஊருக்குப் பெட்டி அனுப்புவது அப்போதே ஆரம்பித்துவிட்டது போலும். நீங்களும் படப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஒட்டுத்தாளில் தகலோக் வரியை எழுதி ஒட்டலாம். நூலகப் புத்தகமானால் திருப்பிக் கொடுக்குமுன் உரித்துவிடுங்கள், பசை ஒட்டியிருந்தால் அபராதம் வந்து சேரும்.

அவளுக்குத் தகலோக் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். பயப்படாதீர்கள், இது ஆங்கிலம் மாதிரி ஏமாற்றும் எழுத்து இல்லை. 1940-இல் லோப்பே கே. சாந்தோஸ் வகுத்த அபகடா என்ற எழுத்து வரிசையில் மொத்தம் இருபதே எழுத்து. பா, பே, பி, போ, பு என்று நீங்கள் சின்ன வயதில் ராகம் போட்டதை நம் தமிழ்ப் பிள்ளைகள் க, கா, கி, கீ என்று போடுவார்கள். எழுதியதைப் படிக்கலாம், படிப்பதை எழுதலாம். ஆங்கில எழுத்து தெரிந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளே தாராளம். தடுக்கும் இடங்கள் சில உண்டு. ng என்ற இரண்டெழுத்துச் சொல்லை 'நங்' என்றும், mga என்ற மூன்றெழுத்துச் சொல்லை 'மங்கா' என்றும் படிக்க வேண்டும். எழுத்தில் ஒன்றாக இருக்கும் சொல்லை 'பாச' என்று அழுத்தினால் படிப்பது, 'பசா' என்றால் நனைந்தது. இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பாள். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதைப் படிப்பது? கையில் இருப்பதையே எடுங்கள். அந்த நவநாள் புத்தகம். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு, காதால் ஏற்கனவே கேட்டுப் பழகிய வரிகளை விட நல்ல பாடம் இல்லை. அடுத்த சொல் என்ன என்று வாய்க்குத் தெரியும், விரல் எழுத்தின் மேல் ஓடும், இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கும். ஜெபத்தைக் கொண்டு படிப்புச் சொல்லிக்கொடுப்பது புதிதும் இல்லை. உங்கள் நாட்டில் 1593-இல் தகலோக்கிலும் ஸ்பானியத்திலும் அச்சான முதல் புத்தகமே ஜெபமும் மறைக்கல்வியும் அடங்கிய 'தொக்திரினா கிறிஸ்தியானா'. அதற்குப் பதினைந்து வருடம் முன்னால், 1578-இல், கொல்லத்தில் அச்சான தமிழ்ப் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. அதுவும் அதே வகைச் சிறு ஜெப நூல். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்தார்கள் அங்கே, எழுத்து வார்த்து அச்சடித்தார்கள் இங்கே. உங்கள் மொழிக்கும் என் மொழிக்கும் அச்சு வந்தது ஒரே வாசல் வழியாக.

ஜெபமாலையில் ஒரு வசதி இருக்கிறது. அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை எல்லாரும் சேர்ந்து சொல்கிறீர்கள் இல்லையா? போன டிசம்பரில் உங்கள் மகளை நேராக முதல் பாதியில் தள்ளிவிட்டீர்கள். எல்லார் முன்னாலும் தனியாக, தெரியாத மொழியில். எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வருடம் மறுபாதி மட்டும் கற்றுக்கொடுங்கள், அதுவும் லோலாவின் இலோங்கோவில்: 'சாந்தா மரியா, இலோய் சங் தியோஸ்' என்று தொடங்குமே, அது. கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது தப்பினாலும் யாருக்கும் தெரியாது. ஐம்பது தடவைக்கு மேல் வருவதால் தானாகவே நாக்கில் உட்கார்ந்துவிடும். வீட்டில் தகலோக் போதும். இலோங்கோவை இந்த ஜெபத்துக்கும் லோலாவோடு பேசுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எல்லா மொழியிலும் சாதிக்க நினைத்தால் முதலில் களைத்துப்போவது நீங்கள்தான்.

அடுத்தது அந்த வீடியோ அழைப்பு. 'லோலாவிடம் ஏதாவது பேசு' என்றால் எந்தப் பிள்ளையும் ஓடும். நீங்களும் நானும் ஓடியிருப்போம். பேச்சை விடுங்கள், வேலை கொடுங்கள். காதியோஸ், பன்றி இறைச்சி, பலா மூன்றும் போட்டு உங்கள் ஊரில் ஒரு குழம்பு வைப்பார்கள். காதியோஸ் வேறொன்றும் இல்லை, எங்கள் துவரைதான். அங்கே லோலா துவரைக்காய் உரிக்க உட்காரும்போது போனை எதிரில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஊருக்கும் மணி வித்தியாசம் கிடையாது, அது ஒரு வரம். இங்கே மகள் கையிலும் ஒரு வேலை இருக்கட்டும். பச்சைத் துவரைக்குத் தேக்கா சந்தைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள், கிடைக்காவிட்டால் பட்டாணி. இருவரும் உரிக்கட்டும். முதல் வாரம் எண்ணிக்கை மட்டும்: இசா, துஹா, தத்லோ. யார் முதலில் நூறு? இரண்டாம் வாரம் லோலா ஆமையும் குரங்கும் கதையைச் சொல்லட்டும். வாழைமரத்தைப் பங்கு போட்டு, இலை இருக்கும் மேல்பாதியைக் குரங்கு எடுத்துக்கொள்ள, வேர் இருக்கும் கீழ்ப்பாதி ஆமைக்கு வருமே, அந்தக் கதை. ரிசால் அதை 1889 ஜூலையில் லண்டன் இதழ் ஒன்றில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். உங்கள் நாட்டின் குழந்தைப் புத்தக நாள் ஜூலையில் வருவதும் அதை வைத்துத்தான். மகள் அதை முன்கூட்டியே ஆங்கிலத்தில் படித்துவைத்திருக்கட்டும். கதை தெரிந்திருப்பதால் லோலாவின் இலோங்கோ பாதியாவது பிடிபடும். 'தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதே' என்று ஆமை கெஞ்சும் இடத்தில் லோலா நடிக்காமல் இருக்கமாட்டார். அதை ஒலிப்பதிவு செய்யுங்கள். அடுத்த ஞாயிறு அதில் ஐந்தே வரியை மகள் கேட்டு எழுதட்டும், படம் வரையட்டும், நான்கு தாளை மடித்துத் தைத்துவிடுங்கள். அடுத்து ஊருக்குப் போகும் பெட்டியில் ஷாம்பூ, டின் மீன், சாக்லேட்டுக்கு நடுவில் அந்தப் புத்தகமும் போகட்டும்.

மகனுக்கு மலாய். தமிழ் எடுங்கள் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். சீனத்தால் பின்னால் வேலைவாய்ப்பு என்பார்கள், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத மொழி, ஒருவருக்கும் தெரியாத எழுத்து, உங்களுக்கோ ஷிப்ட் வேலை. துணைப்பாடத்துக்குக் கொட்டியழ வேண்டியிருக்கும். மலாய் உங்கள் மொழிக்கு ஒன்றுவிட்ட தங்கை. பிள்ளை அனாக், கண் மாத்தா, ஐந்து லீமா: இரண்டிலும் அதே. கதவு உங்களிடம் பிந்தோ, மலாயில் பிந்து. 'அமா நாமின், சுமாசாலாங்கித் கா' என்று நீங்கள் ஜெபத்தைத் தொடங்கும்போதே அதற்குள் லாங்கித் இருக்கிறது. மலாயிலும் வானம் லாங்கித்தான். தினம் அவன் காதில் விழும் வரியிலேயே பாதி மலாய்ப் பாடம் இருக்கிறது. காலை வாரும் சொற்களும் உண்டு. மலாயில் 'சாயாங்' என்றால் பெரும்பாலும் அன்பு, உங்களிடம் 'ஐயோ, வீணாய்ப் போச்சே'. படிப்பதற்கு மலாயில் பாச்சா, உங்களிடம் பாச, என்னிடம் வாசி. மூன்றுக்கும் வேர் வடமொழி வாச். பள்ளிப் பதிவின்போது மொழித் தேர்வு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பூசை விஷயத்தில் எனக்கு அதிகாரம் கிடையாது. நான் உங்கள் சமயத்தவளும் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துப் பழகியதில் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். ஒன்பது வயதில் 'ஏன் போகணும்' என்று கேட்பது எதிர்ப்பேச்சில்லை. அந்த வயதில் எல்லாவற்றுக்கும் ஏன் கேட்பார்கள், கணக்குக்கும் சேர்த்து. 'போகணும்னா போகணும்' என்று வாயை அடைத்தால், அடுத்த ஏன் உங்களிடம் வராது. நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வார்டில் ஒரு நோயாளி போன இரவுக்குப் பிறகு எதற்காகக் கோயிலில் போய் உட்கார்ந்தீர்கள் என்று, தகலோக்கில், அவளுக்குப் புரியும் அளவுக்கு. இவ்வளவு காலம் அதை அவளிடம் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலையில் நடக்கும் சிம்பாங் கபி பூசை சிங்கப்பூரிலும் சில தேவாலயங்களில் உண்டு. ஒன்பதும் போனால் வேண்டியது நடக்கும் என்று உங்கள் ஊரில் சொல்வார்கள் என்பது தெரியும். டியூட்டி அட்டவணைக்கு அதெல்லாம் தெரியாதே. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளுக்கு மட்டும் இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மற்ற எட்டு நாளில் ஒரு நாள் சாயங்காலம் மூங்கில் குச்சியும் கலர்த் தாளும் வாங்கி, பிள்ளைகளோடு உங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கான பரோல் ஒன்று கட்டி வீட்டு வாசலில் தொங்கவிடுங்கள். வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அண்டை வீட்டார் என்னவென்று கேட்பார்கள். பதிலை மகள் சொல்லட்டும். அது ஆங்கிலத்தில் இருந்தால்தான் என்ன.

இனி, இதை எழுதிக் கொடுத்த தமிழ்த் தங்கைக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையெழுத்து அழகு. கடிதத்தின் கடைசித் தாளில், ஓரமாக, பென்சிலில் எழுதி அரைகுறையாக அழித்த ஒரு வரியும் என் கண்ணில் பட்டது: 'என் மகனும் ஆயாகிட்ட இங்கிலீஷ்லதான் பேசுறான் அக்கா.' அதைத் தனிக் கடிதமாக எழுதி அனுப்புங்கள். இந்த முறை பேனாவில்.